கரண்டு வந்த பிறகு

ஐப்பசியில் நாகர்கோவிலில் சாயங்காலம் இடி வெட்டினால் மறுநாள் காலையில் எனக்கு வேலை உண்டு. கடையைத் திறக்கும் முன்பே போன் அடிக்கும். "அண்ணாச்சி, ராத்திரி இடி வெட்டிச்சுல்லா... அதுக்குப் பொறவு ஆன் ஆகுது, ஆனா உள்ள போகமாட்டங்கு." சிலர் திரையில் நிற்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். டிஸ்க் பூட் ஃபெயிலியர், என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங், அன்மவுன்டபிள் பூட் வால்யூம் என்று காலத்துக்குக் காலம் வாசகம் மாறியிருக்கிறது. இவற்றில் நான் அதிகம் பயப்படுவது பணிவாகக் கேட்கிற ஒன்றுக்குத்தான்: இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

விண்டோஸ் 98 காலத்தில், வடசேரியில் ஒரு மாடிக்கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் பூட்டப் பழகியவன் நான். பிறகு தனிக்கடை. ஓஎஸ் போடுவது, பிரிண்டர் பார்ப்பது, கேமரா மாட்டுவது எல்லாம் உண்டு. ஆனால் ஆட்கள் முகம் வெளிறி வருவது ஹார்டு டிஸ்க்குக்காக மட்டும்தான். இத்தனை காலம் இதில் இருந்து நான் தெரிந்துகொண்டது இது: டிஸ்க்கைச் சரிசெய்வது ஒரு வேலை, அதில் இருப்பதைக் காப்பாற்றுவது வேறு வேலை. முதல் வேலையை முதலில் செய்தால் பல நேரம் இரண்டாவது வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது. திரையில் வரும் யோசனைகள் எல்லாம் முதல் வேலைக்கானவை. கம்ப்யூட்டருக்கு டிஸ்க் வேண்டும்; நமக்கு வேண்டியது டிஸ்க்கில் இருப்பது.

போனிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுவேன். கரண்டு போனபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததா? திரும்ப வந்தபோது ஒரேயடியாக வந்ததா, வந்து வந்து போனதா? உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதா? கருகின வாடை உண்டா? கடைசியாக, "திரையில ஏதாவது கேட்டதுக்கு யெஸ் குடுத்தியளா?" இதற்கு மட்டும் பதில் தாமதமாக வரும். "நான் ஒண்ணும் செய்யல்ல... பய யூட்யூப் பாத்து என்னமோ செஞ்சான்." பையன் செய்தது என்ன என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். பதில் எதுவானாலும் நான் சொல்வது ஒன்றே: "பிளக்கைப் புடுங்கிப் போடுங்க. நான் வரட்டும்."

கெட்டுப்போனது எது என்பதை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரிகிறது. வயல் எங்கேயும் போகாது. ஆனால் எந்த சர்வே எண் யாருடையது, எத்தனை சென்ட், என்ன பயிர் என்பதெல்லாம் கிராம அலுவலகத்து அடங்கலில்தான் இருக்கிறது. அடங்கல் கிழிந்துபோனால் வயல் கிடந்தும் ஆள் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலும் கல்யாண போட்டோ ஓரிடத்தில் கிடக்கும். அது எங்கே தொடங்குகிறது, எத்தனை துண்டாக இருக்கிறது என்ற குறிப்பு வேறோரிடத்தில் இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இந்தப் பதிவேட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். ஒரு கோப்புக்குப் பொதுவாக 1,024 பைட் அளவில் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவும் 'ஃபைல்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். டிரைவ் திறக்காத டிஸ்க்கை ஹெக்ஸ் எடிட்டரில் போட்டு, எண்களுக்கு நடுவில் அந்த நாலெழுத்து வரிசையாக இறங்குவதைக் கண்டால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். பதிவேடு பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முறையை அமைத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். பதிவேட்டின் முதல் நான்கு பதிவுகளுக்கு வேறோரிடத்தில் ஒரு நகல் இருக்கிறது. பார்ட்டிஷனின் முதல் செக்டாருக்கு அதன் கடைசியில் ஒரு நகல் இருக்கிறது. ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும்போது சில நேரம் அந்த முதல் செக்டார் ஒன்றுதான் கெட்டிருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் கடைசியில் இருக்கும் நகலை எடுத்து முன்னால் வைத்துவிடும். டிஸ்க்கின் உடம்பு நன்றாக இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்தக் கேள்விக்கு யெஸ் கொடுத்திருந்தாலோ, பழைய பதிவேட்டின் மேல் வெற்றுப் பதிவேடு ஒன்று எழுதப்பட்டிருக்கும்.

கரண்டு போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது கோப்பையும் எழுத வேண்டும், பதிவேட்டையும் திருத்த வேண்டும். நடுவில் கரண்டு போனால் ஒன்று முடிந்து மற்றது நிற்கும். போதாததற்கு டிஸ்க்கும் தன் சொந்த நினைவகத்தில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். விண்டோஸ் 98 காலத்து ஃபேட் 32 முறையில் இதற்குத் தற்காப்பே கிடையாது. ஒவ்வொரு தடவை கரண்டு போய் வந்ததும் ஸ்கேன்டிஸ்க் நீலத்திரையில் ஓடும். 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்து என்டிஎஃப்எஸ் வீடுகளுக்குள் நுழைந்த பிறகு நிலைமை தேவலாம். என்ன செய்யப்போகிறேன் என்பதை அது முன்னதாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்யும். ஆனால் அந்தக் குறிப்பேடு காப்பாற்றுவது பதிவேட்டை. கோப்புக்குள் இருப்பதை அல்ல. அதனால்தான் கரண்டு போன பிறகு வேர்டு ஃபைல் பெயர் அப்படியே இருந்தும், திறந்தால் வெறுமையாக இருக்கிறது.

இதைச் சொன்னதும் எல்லாரும் கரண்டு போவதைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் டிஸ்க்கின் உடம்பைக் கெடுப்பது கரண்டு போவதைவிட வருவது. போவதற்கு டிஸ்க் ஆயத்தமாகத்தான் இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் ஹெட் மிதக்கிறது. மின்சாரம் அறுந்ததும், சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்தையே மின்சாரமாக்கி ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அப்படி ஒதுங்கிய தடவைகளை டிஸ்க் தானே எண்ணியும் வைக்கும். ஸ்மார்ட் என்ற உடல்நலப் பட்டியலில் அது 192-ஆம் எண். இங்கே பழைய டிஸ்க்குகளில் அந்த எண்ணைப் பார்த்தாலே வீட்டின் மின்சார வரலாறு தெரிந்துவிடும். கெடுதல் நடப்பது கரண்டு திரும்பும்போது. வந்து, இரண்டு நொடியில் போய், மறுபடி வந்து, 170 வோல்ட்டில் தத்தளித்து, திடீரென்று 260-க்கு ஏறும். தட்டு வேகம் பிடிக்கும் முன்பே மறுபடி நிற்கும். இந்த அடியை முதலில் வாங்குவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, அடுத்தது டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டு.

2008 முதல் ஐந்தாறு வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு கிடையாது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. காற்றுச் சீசன் வந்தால் வெட்டு கொஞ்சம் குறையும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடங்கினால் மறுபடி கூடும். என் கடையில் டிஸ்க் வேலையும் அதே கணக்கில் ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்து 2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்தது. உலகத்துக்கு ஹார்டு டிஸ்க் செய்து கொடுத்த ஆலைகள் தண்ணீரில் நின்றன. விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. நாகர்கோவிலில் கரண்டு போய் டிஸ்க் கெடும். பாங்காக் பக்கத்தில் வெள்ளம் வந்ததால் புதுசு வாங்க முடியாது. "அண்ணாச்சி, எப்பிடியாவது ஓட்டிக் குடுங்க" என்பது அந்த இரண்டு வருஷமும் நான் தினமும் கேட்ட வாசகம்.

ஓட்டிக்கொடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டிஸ்க் கெட்டது என்று வருவதில் கணிசமானவற்றில் டிஸ்க் கெட்டிருக்காது. கோட்டாறு பக்கம் டிடிபி கடை வைத்திருந்தவர் ஒருவர், வேறிடத்தில் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டார்கள் என்று வந்தார். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ் எல்லாம் அதற்குள். ஆன் செய்தால் சில நொடிக்கு ஒரு தடவை டிக் என்று அடித்து மறுபடி சுற்றத் தொடங்கும். ஹெட் போனால் வரும் சத்தமும் ஏறக்குறைய இதுதான். டிஸ்க்கைக் கழற்றி என் மேசையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினேன். சத்தமே இல்லாமல் எழுந்து நின்றது. அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தால், 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாத வோல்ட்டேஜ் தட்டு சுற்றத் தொடங்கும் நேரத்தில் 10.7 காட்டியது. பிரித்துப் பார்த்தால் கெப்பாசிட்டர்களின் தலை உப்பிக் கிடக்கிறது. கூடவே உலர்ந்துபோன ஒரு பல்லி. எஸ்எம்பிஎஸ் மாற்றியதோடு வேலை முடிந்தது.

அதனால் என் வரிசையில் டிஸ்க் கடைசி. முதலில் எஸ்எம்பிஎஸ். அடுத்தது டேட்டா கேபிள். ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் கேபிள் வழியில் நடந்த பிழைகளின் கணக்கு. அது மட்டும் ஏறி மற்றவை சுத்தமாக இருந்தால் குற்றவாளி கேபிள்தான். மூன்றாவது ராம். ராமில் ஒரு இடம் கெட்டிருந்தால் டிஸ்க்குக்குப் போவதெல்லாம் கெட்டபடியே போகும். புது டிஸ்க் போட்டு, புதிதாக விண்டோஸ் போட்டு, பத்து நாளில் மறுபடி கரப்ட் ஆகிறது என்றால் நான் டிஸ்க்கைத் தொடவே மாட்டேன். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டி, மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடுவேன். காலையில் திரையில் சிவப்பு வரி ஒன்று நின்றாலும் அந்த ராம் குப்பைக்கு.

கடலோரத்துக்கு இன்னொரு வரிசை உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி என்று எங்கள் கரை முழுக்க உப்புக் காற்று. ஜன்னலோரம் வைத்த சிபியூவில் ஸ்க்ரூ எல்லாம் துருவேறி இருக்கும். டிஸ்க்கின் பச்சைப் போர்டு உள்ளே இருக்கும் ஹெட்டோடு பேசுவது சில சின்னத் தகட்டுப் புள்ளிகள் வழியாக. அந்தப் புள்ளிகள் கறுத்துவிடும். நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போர்டைத் திருப்பினால் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பூட்டினால், பயாஸில் பெயரே காட்டாத டிஸ்க் எழுந்து வந்ததுண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, ஈரம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் ஆனி, ஆடியில் சிபியூவைத் திறந்தால் பூஞ்சை. அங்கே எறும்பு வேறு குடும்பத்தோடு இருக்கும்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்களை இழந்த ஊர்களின் துயரத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. வாடகை ஜெனரேட்டர்கள் வந்தன. போன் சார்ஜ் போட, தண்ணீர் இறைக்க என்று தொடங்கி, பில் போட வேண்டிய கடைக்காரர்கள் கம்ப்யூட்டரையும் அதில் மாட்டினார்கள். சின்ன ஜெனரேட்டரில் மோட்டார் ஓடி நின்றால் வோல்ட்டேஜ் துள்ளும். டீசல் தீர்ந்தால் முனகிக்கொண்டே அடங்கும். டிசம்பர் நடுவில் என் கடை மேசையில் டிஸ்க்குகள் வரிசையாக இருந்தன. அவற்றில் பாதி, லைன் கரண்டு வந்த முதல் நாளில் போனவை.

2021 நவம்பர் மழையில் வேறு விதம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த சிபியூக்கள். ஹார்டு டிஸ்க் முழுக்க அடைத்து மூடியது என்று நினைக்கிறார்கள். சாதாரண டிஸ்க்கின் மேல்மூடியில் காற்றழுத்தம் சமப்பட ஒரு நுண்துளை உண்டு. இதை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். தண்ணீரில் முழுகினால் உள்ளே போக வழி இருக்கிறது. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்தால், காய்ந்த சேறு தட்டில் இருக்க ஹெட் அதன் மேல் ஓடும். அதைச் செய்துவிட்டு வருபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இனி டிஸ்க்கே உண்மையில் கெட்ட கேஸ். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கணவர் மஸ்கட்டில். குழந்தையின் முதல் மூன்று வயதுப் படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் மட்டும். போனை மாற்றும்போது போனில் இருந்ததை அழித்துவிட்டார்கள். டிரைவ் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, பிறகு கரப்டட் அண்ட் அன்ரீடபிள் என்கிறது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் விண்டோஸ் தானாகவே செக் டிஸ்க் ஓட்ட வருகிறது. "அது ஓடி முடிஞ்சா சரியாயிரும்னு அண்ணன் சொன்னான். பாதிலே நிக்குதேன்னு கொண்டுவந்தேன்." பாதியில் நின்றது அவருடைய நல்ல காலம்.

செக் டிஸ்க் கெட்ட மென்பொருள் அல்ல. நல்ல டிஸ்க்கில் பதிவேடு மட்டும் குழம்பியிருந்தால் அதுதான் சரியான கருவி. ஆனால் அதன் கடமை பதிவேட்டைக் குழப்பமில்லாமல் ஆக்குவது. கணக்கில் ஒத்துவராத பதிவை அது நீக்கும். அநாதையான துண்டுகளை ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போடும். டிஸ்க் படிக்கவே திணறுகிறபோது அதை முழுசாகப் படிக்கச் சொல்லி அலைக்கழிக்கும். படிக்க முடியாததை இல்லாததாகக் கணக்கெழுதும். ஆகவே நகல் எடுக்கும் முன்பு அதைத் தொடக்கூடாது. ஆன் செய்ததும் தானாக வந்தால், எண்ணிக்கை ஓடும் அந்தச் சில நொடிக்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி நிறுத்திவிட வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில், விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து மாட்டினேன். விண்டோஸ் கண்ட டிஸ்க்கில் எல்லாம் எதையாவது எழுதப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. ஸ்மார்ட் பட்டியலில் முதலில் பார்ப்பது 5, 197, 198. ஐந்தாவது, மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட கெட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காக நிற்பவை. அவருடைய டிஸ்க்கில் 197 காலையில் 16, மதியம் 40. எட்டெட்டாக ஏறுகிறது. புதிய டிஸ்க்குகளில் உள்ளே 4,096 பைட் ஒரு செக்டார். வெளியே 512 பைட் கணக்கில் சொல்லும். ஒன்று கெட்டால் எட்டு ஏறும். இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறது என்றால் தட்டில் ஏதோ உரசுகிறது.

இந்த மாதிரி டிஸ்க்கில் படங்களை ஒவ்வொன்றாக இழுத்து காப்பி செய்வதும் தப்பு. முதல் கெட்ட படத்திலேயே விண்டோஸ் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குள் டிஸ்க் போய்விடும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. அது டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே எழுதும். தடை வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிவிடும். நல்ல இடமெல்லாம் முடிந்த பிறகுதான் குறித்துவைத்த இடங்களுக்குத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தது, எது பாக்கி என்பது ஒரு சிறு கோப்பில் இருப்பதால் நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, விட்ட இடத்தில் தொடங்கலாம். ஒரு ராத்திரியும் மறுநாள் சாயங்காலம் வரையும் ஓடியது. ஒரு சின்ன மேசை ஃபேனை டிஸ்க்குக்கு நேராக வைத்துவிட்டுக் கடையிலேயே படுத்தேன். கடைசியில் சில நூறு கிலோபைட் மட்டும் வரவில்லை. செக் டிஸ்க்கை அதற்குப் பிறகுதான் ஓட்டினேன், அதுவும் நகலில். சாயங்காலம் வீடியோ காலில் மஸ்கட்காரர் வந்தார். "எல்லாம் கெடச்சுதா அண்ணே?" ஏழெட்டுப் படங்கள் மேல்பாதி பிள்ளை, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மற்றவை முழுசு.

ஸ்மார்ட் 'குட்' என்று காட்டினால் பயமில்லையா என்று கேட்பார்கள். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்றது. அதே கட்டுரையில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போனவை என்றும் இருக்கிறது. எண் ஏறினால் கட்டாயம் நம்ப வேண்டும். ஏறாததை வைத்து நிம்மதியாக இருக்கக்கூடாது.

பதிவேடு முழுக்க அழிந்த கேஸ்களில் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள்தான் கடைசிக் கருவி. அது பெயரைப் பார்க்காது. ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்த எழுத்துகளோடு தொடங்கும் என்பதை வைத்து நிலத்தையே தோண்டும். கிடைப்பதெல்லாம் பெயரில்லாமல், எண்ணோடு வரும். ஸ்டூடியோக்காரருக்கு இருபதாயிரம் படத்தை மீட்டுக் கொடுத்தால் எந்தக் கல்யாணம் எது என்று அவரே உட்கார்ந்து பிரிக்க வேண்டும். டிடிபிக்காரருக்கு இதைவிடச் சிக்கல். பழைய கோப்புகள் யூனிகோடில் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், டிஸ்க்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். தமிழில் தேடினால் ஒன்றும் வராது. எந்த எழுத்துரு என்று கேட்டு, அந்தக் கோலத்தில் தேடினால்தான் பத்திரம் வேறு, பத்திரிகை வேறு என்று பிரிக்கலாம்.

கரப்ஷனே இல்லாத கரப்ஷனும் உண்டு. ஒரு காலத்தில் எல்லா பென் டிரைவிலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தன. அது வைரஸ், கோப்புகள் மறைந்து மட்டும் இருக்கும், ஒரு அட்ரிப் கட்டளையில் வெளியே வரும். ஃபார்மட் அடித்தவர்கள்தான் இழந்தார்கள். அடுத்தது, மலிவு விலைக்கு ஒரு டெராபைட் என்று விற்கிற பென் டிரைவ். உள்ளே இருப்பது சில ஜிபி; அது நிரம்பியதும் அடுத்தடுத்து எழுதுவது எங்கும் போய்ச் சேராது. காப்பி ஆனதாகக் காட்டும், திறந்தால் திறக்காது. இதை நான் மீட்க முடியாது. எழுதப்படாததை யாரும் மீட்க முடியாது.

இப்போது எஸ்எஸ்டி காலம். வேகம், சத்தமில்லை, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் முன்னறிவிப்பு குறைவு. நேற்று வரை ஓடியது இன்று பயாஸில் இருக்காது. அழித்த கோப்பை மீட்கும் வழியையும் டிரிம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. அழித்ததும் அந்த இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லப்பட்டு, அது துடைத்துவிடும். புது லேப்டாப்புகளில் பிட்லாக்கர் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் போட்டிருக்கிறது. அதன் 48 இலக்கச் சாவி எங்கே என்று கேட்டால் விழிக்கிறார்கள். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருக்கும். நல்ல டிஸ்க், நல்ல பதிவேடு, ஆனாலும் உள்ளே போக முடியாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு 11-க்கு மாறி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தச் சாவியைத்தான்.

எனக்கு முடியாததையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கின் மூடியை நான் திறக்கமாட்டேன். ஹெட் போயிருந்தால் தூசியில்லாத அறையும் அதே ரக டிஸ்க்கும் வைத்திருக்கும் ஆய்வுக்கூடங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. செலவு டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு. அனுப்புவதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பதன் மதிப்பைப் பொறுத்தது, அதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற வைத்தியத்தை எங்கள் ஊர் ஈரத்தில் செய்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நிற்கும், தயவுசெய்து வேண்டாம். இன்னொன்று, மீட்ட கோப்புகளை நான் தனியாகத் திறந்து பார்ப்பதில்லை. உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையால் நாலைந்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். நகலை அவர் கையில் கொடுத்து, சரிதான் என்று அவர் சொன்ன பிறகு என் டிஸ்க்கில் இருப்பதை அழிப்பேன். இதைச் செய்யாத ஆளிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். ஒரு யூபிஎஸ் வையுங்கள். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இடி வெட்டத் தொடங்கினால் பவர் பிளக்கையும் மோடம் வயரையும் கழற்றுங்கள். கரண்டு போய் வந்தால் பத்து நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள். முக்கியமானது மூன்று பிரதியாக இருக்கட்டும்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இணையத்திலோ. எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கும் வெளி டிஸ்க் இரண்டாவது பிரதி ஆகாது. இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

நகல் எடுத்துவைத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் இன்று ராத்திரி அந்த வெளி டிஸ்க்கை எடுத்து, நடுவிலிருந்து ஏதாவது பத்துப் படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் உங்களிடம் நகல் இருக்கிறது. திறக்காவிட்டால் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கே புதிதாக ஒரு நகல் எடுங்கள்.